படம் பாஸ் செய்கிற வேலை

ஓவியத்தை எப்படிப் பார்ப்பது, எப்படி எடைபோடுவது என்று புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். இனிமேல் தப்பாகச் சொன்னாலும் யாரும் என்னை வேலையை விட்டு எடுக்க முடியாது என்கிற தைரியத்தில் ஒப்புக்கொண்டேன். உங்களுக்கெல்லாம் பூதக்கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். நீல வெளிச்சம் அடிக்கிற விளக்கு ஒன்றும் இருக்கிறதாம். அதைப் பிடித்தால் எது பழைய வண்ணம், எது நேற்றுப் பூசியது என்று தெரிந்துவிடுமாம். நல்ல சாமான். நான் தொழில் கற்ற காலத்தில் என்னிடம் இருந்தது ஒரு குடை. ஈர வண்ணத்தில் விரல் படாமல் படத்தைச் சுட்டிக் காட்டுவதற்கு.

என்னை அறிமுகப்படுத்தியவர், பெரிய பெரிய சேகரிப்புகளை மதிப்பிட்டவர் என்று சொன்னார். உண்மைதான். அதை எங்கே கற்றேன் என்பதை மட்டும் விட்டுவிட்டார். ராயபுரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகை போட்ட ஒரு படக் கம்பெனியில் கற்றேன். வெள்ளைக்காரன் கப்பலேறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து கரித்தூளும் துறைமுகத்துப் பக்கமிருந்து உப்புக் காற்றும் போட்டி போட்டுக்கொண்டு உள்ளே வரும். காலையில் பூசிய வெள்ளை சாயங்காலத்துக்குள் சாம்பல் பூத்துவிடும். அதனால் எங்கள் படங்களில் எல்லாருடைய வேட்டியும் கொஞ்சம் அழுக்காகத்தான் இருக்கும். வாங்க வந்தவர்களிடம் அதை நிழல் என்று சொல்வோம்.

கம்பெனியின் வியாபாரம் இறந்துபோனவர்களின் படம். கடை வைத்திருப்பவர்கள், கடையை ஆரம்பித்த தகப்பனாரின் படத்தை எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக எழுதி, கல்லாவுக்கு மேலே மாட்டி, மாலை போட்டு, சின்ன விளக்கு எரியவிடுவார்கள். படம் இல்லாத கடை நேற்று முளைத்த கடை. படம் உள்ள கடை பரம்பரைக் கடை. ஆகவே எங்களுக்கு வேலைக்குக் குறைவே இருந்ததில்லை.

எனக்கு அங்கே கொடுத்த வேலைக்குப் பெயர் ‘பாஸ்’ செய்வது. ஆர்ட்டிஸ்ட் எழுதி முடித்த படத்தை நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அது மரச் சட்டத்துக்குள் போகும். ஓவியப் பள்ளியில் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் என்பதால் முதலாளி என்னை வைத்துக்கொண்டார். அந்தச் சான்றிதழையே கண்ணாடி போட்டு வாசலில் மாட்டிவைத்தார். என் பெருமைக்காக என்று நினைத்துப் பூரித்துப்போனேன். தன்னிடம் இருந்ததிலேயே விலை உயர்ந்த தேக்குச் சட்டம் எப்படி இருக்கும் என்று வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு அவருக்கு ஏதோ ஒரு காகிதம் தேவைப்பட்டிருக்கிறது.

முதல் வாரமே ஒரு படத்தைத் திருப்பி அனுப்பினேன். வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருந்தது. தலைக்கும் உடம்புக்கும் உள்ள விகிதம் நான் படித்த எந்தப் புத்தகத்துக்கும் ஒத்துவரவில்லை. நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே படத்துக்குச் சொந்தக்காரர் உள்ளே வந்தார். கழுத்தில் எழுதியிருந்த தங்கச் சங்கிலியைப் பார்த்தார். “ஐயோ அப்பா” என்று அழுதார். தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். “நீ தோளப் பாத்தே. அந்த ஆளு சங்கிலியப் பாத்தான். படம் யாரு வூட்ல மாட்டப் போறாங்க? உன் வூட்லயா? படத்த அப்பால பாரு நைனா. வாங்க வந்தவன மொதல்ல பாரு” என்றார்.

அவருக்குப் படம் பார்க்கவே தெரியாது. அதற்காக அவர் வெட்கப்பட்டதும் இல்லை. அவர் சொன்னது பாதி சரி என்பது புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அப்போதைக்கு முழுக்கச் சரி என்று எடுத்துக்கொண்டு, தோளை மறந்து சங்கிலியைப் பார்க்க ஆரம்பித்தேன். சங்கிலி, கடுக்கன், கோட்டுப் பொத்தான், மோதிரத்துக் கல். இவை பளபளத்தால் படம் பாஸ். அந்த வருஷம் நான் எவ்வளவு பெரிய ரசிகன் என்று ராயபுரம் முழுக்கப் பேச்சு.

ஆர்ட்டிஸ்ட் பெயர் கன்னியப்பன். காசிமேட்டுக்காரர். வீட்டில் எல்லாரும் கட்டுமரத்தில் போகிறவர்கள். இவருக்கு மட்டும் அலையைக் கண்டால் தலை சுற்றும், வாந்தி வரும். கடலுக்கு ஆகாத பிள்ளை என்று கரையில் விட்டார்கள். படகுகளில் பெயர் எழுத ஆரம்பித்து, கடைப் பலகை எழுதி, ஆள் படத்துக்கு வந்து சேர்ந்தவர். மழைக் காலத்தில் வியாபாரம் மந்தமாக இருக்கும்போது அவர் உடம்புகளை மட்டும் எழுதி அடுக்கிவைத்துவிடுவார். கோட்டு உடம்பு, அங்கவஸ்திர உடம்பு, தலைப்பாகை உடம்பு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி. வருகிறவர் முதலில் உடம்பைத் தேர்ந்தெடுப்பார், பிறகு போட்டோவைக் கொடுப்பார், கன்னியப்பன் முகத்தை ஏற்றுவார். கொட்டகைக்குள் நுழைந்தால் முகமில்லாத கனவான்கள் வரிசையாகச் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். எனக்குப் பழகிவிட்டது. ஆனால் தபால்காரர் கடைசிவரை உள்ளே வரவில்லை.

சிக்கல் எங்கே என்றால், போட்டோவே இல்லாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயந்து கடைசிவரை ஒரு போட்டோகூட எடுக்காமல், எப்படியும் செத்துப்போனவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் வந்து வாயால் சொல்வார்கள். மூக்கு இப்படி, நெற்றி இப்படி என்று. கன்னியப்பன் கேட்டுக் கேட்டு எழுதுவார். இதை நாங்கள் ‘சொல் படம்’ என்போம். எத்தனை பேர் வந்து எத்தனை விதமாகச் சொன்னாலும் கன்னியப்பன் கையில் ஒரே மனிதர்தான் வந்தார். யானைக்கவுனியில் கடை கடையாக ஏறி இறங்கினால், அந்த மனிதர் ஒரு கடையில் மீசையோடும் அடுத்த கடையில் மீசை இல்லாமலும் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரும் குறை சொன்னதில்லை. அடுத்த கடைக்காரருடைய அப்பாவை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

இப்படி இருக்கும்போதுதான் அந்த அண்ணன் தம்பி இருவரும் வந்தார்கள். யானைக்கவுனியில் கருப்பட்டி, வெல்லம் மொத்த வியாபாரம். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். தகப்பனார் இளம் வயதில் மூட்டை தூக்க வந்து, சொந்தமாகக் கடை வைத்து, கடைக்குப் பின்கட்டிலேயே குடும்பம் நடத்தி, உட்கார்ந்த இடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டவர். வருஷத் திதி வரப்போகிறது. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் ரயிலேறி வருகிறார்கள். அன்றைக்குப் படம் திறக்க வேண்டும். போட்டோ இல்லை.

உடம்பைத் தேர்ந்தெடுப்பதிலேயே சண்டை ஆரம்பித்தது. மூத்தவருக்குக் கோட்டு உடம்பு. இளையவருக்கு அங்கவஸ்திர உடம்பு.

“அப்பா எப்பண்ணே கோட்டு போட்டாவ?” என்றார் இளையவர்.

“போடணும்னு ஆசை இருந்துச்சில்லா? ஆசைக்குப் போடட்டும்.”

கோட்டு ஜெயித்தது. மூக்குக்கு வந்தார்கள். “எங்க அப்பா மூக்கு அச்சு அசல் என் மூக்கு சார். என்னைப் பாத்து வரைஞ்சாப் போதும்” என்றார் மூத்தவர். “அண்ணன் சொல்லுதது தப்பு. அப்பாவைப் பாத்தவங்க எல்லாம் என்னைத்தான் சொல்லுவாங்க” என்றார் இளையவர். இரண்டு மூக்கையும் பார்த்தேன். ஒன்றுக்கு மற்றொன்று உறவு என்றே சொல்ல முடியாது.

போகும்போது மூத்தவர் மட்டும் பின்தங்கி நின்றார். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, “கடைக்குப் படம் வேணும், அது சரிதான். ஆனா இது எங்க அம்மாவுக்காக சார். ஒரு வருஷமா அம்மா வேற ஒண்ணும் கேக்கல. அப்பா மொகத்தை ஒரு தடவ காட்டுங்கல, மறந்துகிட்டே வருதுன்னு அழுதுட்டே இருக்கா. சாப்பாடும் சரியா இறங்கல. பாத்துச் செய்யுங்க” என்றார். அதுவரை கறாராகப் பேசிய மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. வழக்கமான மனிதரையே இந்த அம்மாளுக்கும் கொடுத்துவிடக் கூடாது என்று தீர்மானித்தேன். நான் படித்தவன் அல்லவா, ஒரு முறை கண்டுபிடித்தேன். செத்தவரைத் தெரிந்த அத்தனை பேரையும் ஒவ்வொருவராகக் கொட்டகைக்கு வரவழைப்பது. எழுதிக்கொண்டிருக்கும் படத்தைக் காட்டுவது. எது சரியில்லை என்று கேட்டுத் திருத்துவது. எல்லாரும் ஒத்துக்கொண்டால் அது அவருடைய முகமாகத்தானே இருக்க முடியும்?

வந்தார்கள். கணக்குப்பிள்ளை வந்து புருவத்தைத் திருத்தினார். எதிர்க்கடைக்காரர் வந்து கன்னத்தில் சதை போட்டார். வண்டிக்காரர் கண்ணில் கோபம் கேட்டார். இளையவர் வாங்கிக்கொடுத்த இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டே ஒரு மாமா காதைப் பெரிதாக்கினார். செத்தவருக்கு முகம் மழித்துவிட்டவர் வந்தபோதுதான் உண்மையான அதிகாரம் என்றால் என்ன என்று பார்த்தேன். “இத்தினி வருசமா இந்தத் தாடையப் புடிச்சவன் நானு. எனுக்குத் தெரியாதா?” என்று தாடையை முழுக்க அழித்து எழுதவைத்தார். மூக்கில் மட்டும், மேல்பாதி மூத்தவருடையது, நுனி இளையவருடையது என்று சமரசம் செய்துவைத்தேன்.

கன்னியப்பன் பொறுமையாகத்தான் இருந்தார். ஒரு நாள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, “சார், கண்ணு கீது, மூக்கு கீது, தாடை கீது. ஆளு எங்க கீறான்?” என்றார்.

“எல்லாம் சேர்ந்தால் ஆள் வந்துவிடுவார்” என்றேன்.

“இன்னாவோ போ. நீ சொல்லிக்கினே இரு, நான் போட்டுக்கினே இருக்கேன்.”

கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அவரவர் திருத்திய இடத்தை அவரவர் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். ஒரு படத்தை அத்தனை சாட்சிகள் வைத்து நிரூபித்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு ஒரே மிதப்பு. குடையால் ஒவ்வோர் இடமாகச் சுட்டிக் காட்டி முதலாளியிடம் பெருமையடித்தேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார்.

திதிக்கு நாள் நெருங்கிவிட்டது. பிள்ளைகள் இருவரும் தாயாரை ரிக்‌ஷாவில் அழைத்துக்கொண்டு வந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய மெலிந்த அம்மாள். முகமில்லாத கனவான்களைப் பார்த்து அவர் பயப்படவில்லை. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதத்திலேயே, இந்த ஒரு வருஷமும் இதற்காகத்தான் காத்திருந்தார் என்று தெரிந்தது. கன்னியப்பன் படத்தின் மேல் போர்த்தியிருந்த வேட்டியை எடுத்தார்.

அந்த அம்மாள் நெடுநேரம் பார்த்தார். கோட்டைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு மரியாதையாக, “நல்லா இருக்கு” என்றார். “யாருய்யா இது?”

மூத்தவர்தான் முதலில் வாயைத் திறந்தார். “என்னம்மா கேக்க? அப்பாம்மா!”

“அப்படியா?” அந்த அம்மாள் இன்னொரு தடவை பார்த்தார். “நீங்க சொன்னாச் சரிதான்” என்று கையைக் குவித்துக் கும்பிட்டார். ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் தெரியாத பெரியவருக்குப் போடுகிற கும்பிடு அது. பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். “எனக்கு முழுசா மறந்துபோச்சு போலிருக்கே. பாவி, கட்டின புருசன் மொகம் எனக்கே அடையாளம் தெரியலியே” என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதார்.

அந்த அம்மாள் படத்தைக் குறை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தன்னையல்லவா குறை சொல்லிக்கொண்டார். என் அத்தனை சாட்சிகளும் சேர்ந்து அவரைக் குற்றவாளியாக்கிவிட்டார்கள்.

முதலாளி என்னை ஒதுக்கமாகக் கூட்டிப்போனார். “புள்ளைங்க ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. சொந்தக்காரங்க சரின்னுட்டாங்க. அந்தம்மா அழுதா அழுவட்டும், பொம்பளைங்க படத்தப் பாத்தா அழுவத்தான் செய்வாங்க. சட்டத்துல போடு. பேஜார் பண்ணாதே” என்றார். வெளியே ரிக்‌ஷாக்காரர் மணியடித்துக்கொண்டிருந்தார். மூத்தவர், “சார், திதி வருது, ஊர்ல இருந்து ஆள் கெளம்பியாச்சு” என்று பரபரத்தார். எல்லாருக்கும் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நான் சொன்னது, “இந்தப் படம் பாஸ் இல்லை.”

தைரியத்தில் சொல்லவில்லை. வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். சொன்ன பிறகுதான் ஒன்று உறைத்தது. யானைக்கவுனியில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டாயிற்று, முகம் மழித்துவிட்டவர் வரைக்கும் கேட்டாயிற்று. இந்த அம்மாளை மட்டும் யாரும் கேட்கவில்லை. பின்கட்டில் இருக்கும் பெண்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்பது முறையில்லை என்று பிள்ளைகளும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். மூக்கு எப்படி, நெற்றி எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். அந்தக் கேள்விகளின் லட்சணம் எதிரே படமாக நின்றுகொண்டிருந்தது. “அம்மா, நீங்க அவரை எங்கே நின்னு பார்ப்பீங்க?” என்று கேட்டேன்.

அவர் அழுகையை நிறுத்தினார். இப்படியொரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

“எங்க நின்னு பாப்பேன்? நடைக் கதவுகிட்டதான். கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு கதவு உண்டும்லா, அங்கனதான் நிப்பேன். அவுக தெருவப் பாத்து ஒக்காந்திருப்பாக. மாமியா இருந்த வரைக்கும் நிமுந்து பாக்கப் படாது. அவ போன பெறகு பாத்திருக்கலாம். கூச்சமே பழகிப்போச்சு. விடியமின்னக் கடை தெறப்பாக. ராத்திரி இலை முன்னால ஒக்காந்தாத் தலை குனிஞ்சு சாப்புடுவாக, நான் நின்னு போடுவேன், உச்சந்தலைதான் தெரியும்.” கொஞ்சம் யோசித்தார். “ஊரெல்லாம் அவுக மொகத்தைப் பாத்துச்சு தம்பி. எனக்கு அவுக முதுகுதான். எனக்கு மொகம் மறக்கல. மொகம் தெரியவே தெரியாது. இப்பத்தான் தெரியுது.”

மூத்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கன்னியப்பன் எப்போது கரித்துண்டை எடுத்தார் என்று நான் பார்க்கவில்லை. “முதுவு எப்டி இருக்கும் ஆயா? சொல்லு” என்றார்.

அந்த அம்மாள் சொன்னார். அத்தனை பேரும் அத்தனை நாள் தடுமாறிச் சொன்னதை, இவர் ஒரு தடவைகூடத் தடுமாறாமல் சொன்னார். இடது தோளில் துண்டு. காதுக்கு மேல் பென்சில். கழுத்துக்குப் பின்னால் மூட்டை தூக்கிய காலத்துக் காய்ப்பு. தாகம் எடுத்தால் திரும்ப மாட்டார், கூப்பிடவும் மாட்டார். வியாபாரம் பேசிக்கொண்டே வலது கையை மட்டும் பின்பக்கம் நீட்டுவார். இவர் செம்பைக் கொண்டுபோய் அந்தக் கையில் வைப்பார். அவ்வளவுதான் அவர்களுக்குள் பகல் முழுக்க நடக்கிற பேச்சு.

கோட்டு உடம்பு, அங்கவஸ்திர உடம்பு எதற்கும் பின்பக்கம் கிடையாது. கன்னியப்பனுக்கு ஆள் வேண்டியிருந்தது. பிள்ளைகள் இருவரையும் எங்களுக்கு முதுகைக் காட்டிப் பலகையில் உட்காரச் சொன்னார். இத்தனை நாள் மூக்குக்காக அடித்துக்கொண்டவர்கள், சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். தாயார் பின்னால் நின்று பார்த்தார். “கழுத்து சின்னவன்” என்றார். “காது பெரியவன். எய்யா, லேசாக் குனி. ஆங், அப்படித்தான்.” யாருக்கும் பங்கு குறையவில்லை. ஒரு சண்டையும் வரவில்லை.

முதலாளிக்குத்தான் பொறுக்கவில்லை. “இன்னாய்யா இது கலீஜு? வர்ற கிராக்கிக்கு மொதலாளி முதுவக் காட்டினா கடை விளங்குமா?”

“இது கடைக்கு இல்ல நைனா. வூட்டுக்கு” என்றார் கன்னியப்பன், தலையைத் தூக்காமல்.

சாட்சிகள் வைத்து நான் நிரூபித்த அந்த முதல் படத்தின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். பாஸ் இல்லை என்று நான் சொல்லியும் அதைச் சட்டம் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனார்கள். திதியன்று திறந்தார்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் உயிரோடு இருப்பதுபோல் இருக்கிறது என்றார்களாம். சில வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். மூத்தவர், படத்தில் இருப்பதுபோலவே மீசை வைத்து, கோட்டும் தைத்துப் போட்டுக்கொண்டு, அதே கோபக் கண்ணோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சரக்கு வாங்க நின்ற ஒருவர் என்னிடம், “பாருங்க சார், அப்பனை உரிச்சு வச்சாப்ல இருக்கான்” என்றார். ஆமாம் என்றேன். ஒரு படம் ஆளைப்போல இல்லாவிட்டால், ஆள் படத்தைப்போல ஆகிவிடுவதும் உண்டு. உங்கள் மதிப்பீட்டு அறிக்கையில் அதை எங்கே குறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது படம் சின்னது. சமையலறை அலமாரிக்குள் வைக்கிற அளவு. கன்னியப்பன் அதை எழுதிய நாட்களில் என்னைப் பக்கத்தில் விடவில்லை. “வாயால சொல்லிச் சொல்லி ஒரு ஆளக் கொன்னே. இத்தயாவது வுடு” என்றார். சரிதான் என்று ஒதுங்கிவிட்டேன். முடிந்த பிறகு தனியாக நின்று பார்த்தேன். தோள் இறங்கியிருந்தது. சங்கிலி இல்லை, மோதிரம் இல்லை. முகம் என்று சொல்ல ஓரமாகத் தெரிகிற ஒரு கன்னம்தான். நான் பார்த்துப் பழகிய எந்தக் கணக்குக்குள்ளும் அது வரவில்லை. நல்ல படமா, இல்லையா? நான் அந்த மனிதரைப் பார்த்ததில்லை. கன்னியப்பனும் பார்த்ததில்லை. ஒரு துணியின் மேல் கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் வெள்ளை. குடையை மூலையில் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

திதி முடிந்த பிறகு அந்த அம்மாளை அழைத்து வந்தார்கள். அதே நாற்காலி. இந்தத் தடவை பிள்ளைகள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி கதவோரம் நின்றார். அந்த அம்மாள் மறுபடியும் “யாருய்யா இது?” என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பதே என் கவலை. இன்னொரு தடவை அந்த மனுஷி தன்னைத் தானே திட்டிக்கொண்டு அழுதால் நான் இந்தத் தொழிலில் இருக்க மாட்டேன். அதை நிச்சயமாக முடிவு செய்துவைத்திருந்தேன்.

கன்னியப்பன் துணியை எடுத்தார்.

அந்த அம்மாள் அழவில்லை. நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து நின்றார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சுவரோரமாக ஓர் அடி ஒதுங்கினார். எதையோ தேடுவதுபோல் அவர் கண் கொட்டகையைச் சுற்றி வந்தது.

“என்னம்மா, பிடிக்கலியா? ஏன் எந்திரிச்சிட்ட? ஒக்காரு” என்றார் மூத்தவர்.

அந்த அம்மாள் அவரைக் கோபமாகத் திரும்பிப் பார்த்தார்.

“அவுக கையை நீட்டிட்டு இருக்காக. நான் பாட்டுக்கு ஒக்காந்திருக்கேனேல” என்றார்.